எண்ணும் கருவியும் எண்ணும் நெஞ்சமும்

(நாகபுரியில் நடைபெற்ற நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

     

இம்மேடையில் ஆண்டுதோறும் கற்றறிந்த சான்றோர் பேசக் கேட்டு மகிழ்ந்தவன் நான். பேசும் நிலையில் இன்று என்னை நிறுத்திவிட்டார்கள். நான் பத்தாம் வகுப்புத் தேறியவன். இருபது வயதில் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து புறப்பட்டு வந்து, இருப்புப் பாதையில் கேங்மேனாகச் சேர்ந்து, பின்னர்த் துறைத் தேர்வு எழுதி எழுத்தரானவன். இலக்கியம் பேசும் தகுதி எனக்கில்லை. ஆகவே என் வீட்டில் நிகழ்ந்த ஒன்றைப் பற்றியும், அதன் வாயிலாக நான் அறிந்துகொண்ட ஒரு கருவியைப் பற்றியும் பேச எண்ணுகிறேன். உடலில் அணிந்துகொண்டு, மூட்டுகளின் அசைவை அளந்து, உடற்பயிற்சியை எண்ணிச் சொல்லும் உணரிகளே என் பொருள். 'சென்சார்' என்று நம் பிள்ளைகள் வழங்குவது அதைத்தான்.

'பேச எண்ணுகிறேன்' என்று இப்போது சொன்னேன். தமிழில் எண்ணுதல் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, இரண்டு என்று கணக்கிடுவதும் எண்ணுதல்தான். நினைத்துப் பார்ப்பதும் எண்ணுதல்தான். இவ்விரண்டையும் ஒரே சொல்லில் வைத்த நம் முன்னோரின் நுட்பம், நாற்பது வயதைக் கடந்த பின்னரே, என் அன்னையின் முழங்காலால் எனக்கு விளங்கியது.

உடலின் அசைவை எண்ணும் வழக்கம் நமக்குப் புதிதன்று. பிள்ளையார் முன்னே நின்று தோப்புக்கரணம் போடும்போது எண்ணுகிறோம். தண்டாலும் பஸ்கியும் எடுக்கும் இளைஞர்கள், எண்ணிக்கை தவறாமலிருக்கப் புளியங்கொட்டைகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளி வைப்பதை எங்கள் ஊரில் நான் கண்டிருக்கிறேன். களத்திலே நெல் அளப்பவர் 'ஒன்று' என்று தொடங்குவதில்லை. 'லாபம்' என்று தொடங்கி, 'இரண்டு, மூன்று' என்று மேலே செல்வார். எண்ணுவதற்கு முன்னே ஒரு நல்ல சொல் வேண்டும் என்பது உழவரின் மனம். இந்த 'லாபம்' பிற்பாடு என் கதையில் வரும். நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மேலை நாட்டிலும் இம்முயற்சி பழையது. பிரான்சு நாட்டு உடலியல் அறிஞர் எட்டியன் ஜூல் மாரே என்பவர், காலணியின் அடியில் காற்றறை வைத்து, கால் தரையைத் தொடும்போதெல்லாம் அது தாளில் கோடு வரையுமாறு செய்தார். 1882ஆம் ஆண்டில் துப்பாக்கி வடிவில் ஒரு புகைப்படக் கருவியை அமைத்து, ஓர் அசைவைப் பல படங்களாகப் பிரித்துக் காட்டினார். ஒரு மனிதனுக்குக் கறுப்பு உடை அணிவித்து, கை கால்களின் நெடுக வெள்ளைக் கோடும் மூட்டுகளில் வெள்ளைப் புள்ளியும் வைத்து, அவனை நடக்கச் செய்து படம் பிடித்தார். படத்தில் மனிதன் மறைந்தான். மூட்டுகளின் கோடுகள் மட்டும் நின்றன. இன்றைய மூட்டு உணரிகளுக்கு அதுவே முன்னோடி என்று சொல்லலாம்.

1965ஆம் ஆண்டில் ஜப்பானில் ஓர் அடி எண்ணும் கருவி விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் 'மான்போ-கெய்'. 'பத்தாயிரம் அடி மானி' என்பது அதன் பொருள். நாள்தோறும் 10,000 அடி நடக்கவேண்டும் என்று இன்று உலகமெங்கும் சொல்கிறார்களே, அந்த எண் பரவியது இப்பெயரால்தான். மருத்துவ ஆராய்ச்சி கண்டறிந்து வகுத்த எல்லை அன்று அது. கடைக்கு வந்த ஒரு கருவியின் பெயர். நடப்பது நல்லதே, நான் அதைக் குறை கூறவில்லை. ஆனால் ஓர் எண்ணைக் கண்டவுடன் அது எங்கிருந்து வந்தது, எதை எண்ணுகிறது என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். அப்பழக்கம் எனக்கு இல்லாததன் விளைவைத்தான் கூறப்போகிறேன்.

முதலில் கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம். எனக்கு அது எளிதில் விளங்கியதற்குக் காரணம் என் அலுவலகம். எங்கள் பிரிவுக்கு இருப்புப் பாதையின் குலுக்கல் அறிக்கைகள் வரும். ஓ.எம்.எஸ். என்று சொல்லப்படும் ஒரு கருவியை ஓடும் வண்டியின் தளத்தில் வைத்து அனுப்புவார்கள். அதற்குள்ளே முடுக்கமானி இருக்கிறது. வண்டி குறித்த அளவுக்கு மேலே தூக்கிப் போட்டாலும் பக்கவாட்டில் உலுக்கினாலும் அது எத்தனையாவது கிலோமீட்டரில் நிகழ்ந்தது என்று பதிவாகும். அந்த எண்களைப் பட்டியலிட்டு உரியவர்களுக்கு அனுப்புவது என் போன்றோர் வேலை.

முழங்காலில் கட்டும் பெட்டிக்குள்ளும் அதே முடுக்கமானியே இருக்கிறது. அளவில் மட்டும் கடுகளவாகிவிட்டது. நுண்ணிய சிலிக்கான் துண்டு ஒன்று மெல்லிய விற்களில் தொங்குகிறது. பெட்டி அசைந்தால் அத்துண்டு சற்றே இடம் பெயர்கிறது. அப்பெயர்ச்சி மின் அளவாக மாறுகிறது. பெட்டி அசையாமல் இருக்கும்போதும் பூமியின் ஈர்ப்பை அது உணர்கிறது. ஆகவே பெட்டி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அதற்குத் தெரியும். ஆனால் கால் விரைந்து அசையும்போது, ஈர்ப்பு எது, அசைவு எது என்று பிரித்தறிய முடியாமல் அது தடுமாறும்.

அதற்குத் துணையாக இரண்டாவது மானி ஒன்று இருக்கிறது. அதைக் கைரோஸ்கோப் என்பர். நாம் சுழல்மானி எனலாம். அது எவ்வளவு விரைவாகத் திரும்புகிறோம் என்பதைச் சொல்லும். அந்த விரைவைக் கணந்தோறும் கூட்டிக்கொண்டே போனால் எத்தனை பாகை திரும்பினோம் என்பது கிடைக்கும். இங்கே ஒரு சங்கடம். கூட்டலில் சிறு பிழை இருந்தால் அது அடுத்த கூட்டலுக்கும் செல்லும். பேரேடு எழுதுவோர் இதை நன்கு அறிவார்கள். ஒரு பக்கத்தில் ஐந்து பைசா தவறினால், கடைசிப் பக்கம்வரை அது தொடர்ந்து வரும். அதனால்தான் அவ்வப்போது பெட்டியைத் திறந்து கைவசமுள்ள பணத்தை எண்ணி ஒத்துப் பார்க்கிறோம். சுழல்மானி பேரேடு, முடுக்கமானி பணப்பெட்டி. இரண்டையும் ஒத்துப் பார்த்து, எதை எவ்வளவு நம்பலாம் என்று கணந்தோறும் முடிவு செய்யும் கணித முறைகள் இருக்கின்றன. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கால்மன் என்ற அறிஞர் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை அவற்றுள் புகழ் பெற்றது. சந்திரனுக்குச் சென்ற அப்போலோ விண்கலத்தின் வழியைக் கணிக்கப் பயன்பட்ட அம்முறை, இன்று நம் வீட்டுப் பாட்டியின் முழங்காலுக்கும் பயன்படுகிறது.

மூட்டின் மடிப்பை அளக்க ஒரு பெட்டி போதாது. தொடையில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று என இரண்டு வேண்டும். இரண்டின் சாய்வுக்கும் உள்ள வேறுபாடே மூட்டின் கோணம். கோணம் ஓர் எல்லையைத் தாண்டி மடங்கி, மீண்டும் மற்றோர் எல்லைக்குத் திரும்பினால் கருவி 'ஒன்று' என எண்ணும். பாதியில் நின்றால் எண்ணாது. மிக விரைவாகச் செய்தாலும், காலை முழுமையாக நீட்டாவிட்டாலும் சில கருவிகள் குறிப்புக் காட்டும். எத்தனை முறை செய்தோம் என்பதோடு எப்படிச் செய்தோம் என்பதையும் சொல்வதே இக்கருவியின் சிறப்பு.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் அன்னையார் வயலில் நாற்று நட்டும் களை பறித்தும் எங்களை வளர்த்தவர். தந்தையார் காலமான பிறகு, அவரை இங்கே ரயில்வே குடியிருப்புக்கு அழைத்து வந்தேன். எழுபது வயதை எட்டியபோது அவருடைய வலது முழங்கால் முற்றிலும் தேய்ந்துவிட்டது. 2023ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் மூட்டு மாற்று அறுவை செய்தார்கள். அறுவை நன்றாகவே முடிந்தது. ஆனால் மருத்துவர் அன்றே எச்சரித்தார்: "நாங்கள் செய்தது பாதி, மீதிப் பாதி உங்கள் வீட்டில் நடக்கவேண்டும்."

அவர் சொன்னதன் பொருளைப் பின்னர் அறிந்தேன். அறுவைக்குப் பின் மூட்டைச் சுற்றித் தழும்புத் திசு வளர்கிறது. முதற் சில வாரங்களில் நாள்தோறும் மடக்கி நீட்டாவிட்டால் மூட்டு இறுகிவிடும். சமதரையில் நடப்பதற்கே முழங்கால் ஏறக்குறைய 60 பாகை மடங்கவேண்டும். படி ஏறி இறங்கவும் நாற்காலியிலிருந்து எழவும் 90 பாகையளவு வேண்டும். இறுகிப்போனால், மயக்க மருந்து கொடுத்து மருத்துவர் காலை வலிந்து மடக்கவேண்டிய நிலையும் வரலாம். எங்கள் வீடு இரண்டாம் மாடியில் இருக்கிறது. கால் மடங்காவிட்டால் அன்னையாருக்கு வெளியுலகம் இல்லை.

முதல் இரண்டு வாரம் என் மனைவி விடுப்பில் இருந்தாள். அதன்பின் இருவரும் வேலைக்குச் சென்றே ஆகவேண்டும். அப்போதுதான் ஓர் இயன்முறை மருத்துவர் இக்கருவியை வாடகைக்கு ஏற்பாடு செய்து தந்தார். மராத்திய அம்மையார், அன்பும் கண்டிப்பும் உள்ளவர். சனிக்கிழமைதோறும் அவர் வருவார். மற்ற நாள்களில் கருவியைக் கட்டிக்கொண்டு மூன்று வேளை, வேளைக்கு 20 முறை காலை மடக்கி நீட்டவேண்டும். கைப்பேசி ஒன்று குரல் கொடுத்து எண்ணும். கணக்கு என் கைப்பேசிக்கு வந்து சேரும்.

எனக்கு எவ்வளவு நிம்மதி! அலுவலகத்தில் இருந்தபடியே பார்ப்பேன். காலை 20, பச்சைக் குறி. நண்பகல் 20; பச்சைக் குறி. மாலை 20, பச்சைக் குறி. ஆறு நாளும் ஒரு குறைவில்லை. பக்கத்து மேசை நண்பரிடம் காட்டிப் பெருமைப்பட்டேன். மாலை வீடு திரும்பியதும், "இன்றைக்கு அறுபதும் முடித்துவிட்டீர்களே அம்மா!" என்று பாராட்டுவேன். அவர் ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். களைப்பு என்று எண்ணினேன். எண்ணினேன் என்றா சொன்னேன்? இல்லை, எண்ணவே இல்லை.

சனிக்கிழமை அம்மையார் வந்தார். இரண்டு கரங்கள் உள்ள பழைய கோணமானியை முழங்காலில் வைத்து அளந்தார். 72 பாகை. முந்திய வாரம் 70. என் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். அதில் 130 பாகை. அவர் முகம் மாறிற்று. பட்டைகளைச் சோதித்தார், பெட்டிகளைக் கழற்றி மேசைமேல் வைத்துப் பார்த்தார், கருவியில் பழுதில்லை. பின்னர் ஆறு நாள் கோடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூன்றாம் வாரத்து மூட்டு இவ்வளவு மடங்காது, இவ்வளவு விரைவாகவும் ஆடாது. இந்தக் கால் ஒரு குழந்தையின் கால்."

அறையின் மூலையில் நின்றிருந்த என் மகன் அழத் தொடங்கினான். ஆறாம் வகுப்பு முடித்து, மே மாத விடுமுறையில் வீட்டிலிருந்தவன் அவன். பாட்டி வலியில் துடிப்பதைக் காணப் பொறாமல், பட்டையைத் தன் காலில் கட்டிக்கொண்டு அறுபது முறையும் அவனே செய்திருக்கிறான்! பாட்டியும் பேரனும் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டார்கள். கருவியும் அதற்கு உடந்தை. கருவிக்குக் காலைத் தெரியும். கால் யாருடையது என்று தெரியாது.

எனக்கு வந்த சினத்தை இங்கே மறைக்கப் போவதில்லை. "வாடகை கட்டி வாங்கி வைத்தால் இப்படியா செய்வது?" என்று உரக்கக் கேட்டேன். அப்போது அன்னையார் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

"அந்தப் பொட்டி எண்ணுது தம்பி. எனக்கு வலிக்குதுன்னு அதுக்குத் தெரியாது. இங்கிலீசுல என்னமோ சொல்லுது. நான் என்னத்தக் கண்டேன்? நீயும் வீட்டுக்கு வந்ததும் போனத்தான் பாத்தே. என் காலப் பாக்கலையே!"

பெரியோர்களே, பல நாள் அறிவுரைகளால் உறைக்காத ஒன்று இச்சொற்களால் உறைத்தது. அறிக்கையிலே கோணம் என்று ஒரு பத்தி இருந்தது. நாள்தோறும் 130 என்று அது காட்டிக்கொண்டே இருந்தது. புதிய மூட்டு அவ்வளவு மடங்குமா என்று ஒரு முறை கேட்டிருந்தால் போதும். நான் எண்ணிக்கையைப் பார்த்தேன், செய்கையைப் பார்க்கவில்லை. இருபதாண்டுக் காலம் எண்களோடு பழகியவன் நான். ஆனால் என் அன்னையாருக்கு வேண்டியிருந்தது கணக்கன் அல்ல, துணை. நான் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெட்டியைக் கட்டிவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். மராத்திய அம்மையார் மறுத்துவிட்டார். "கருவி பொய் சொல்லவில்லை. கட்டிய காலின் உண்மையைத்தான் சொன்னது. கட்டவேண்டிய காலில் கட்டி, பக்கத்தில் ஒருவர் உட்காருங்கள்" என்றார்.

அன்றுமுதல் முறையை மாற்றினோம். காலையில் அலுவலகம் செல்லுமுன் நான் உட்காருவேன். மாலையில் என் மனைவி. நண்பகலில் என் மகன் உட்காருவான். அவனுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு அம்மையார் வருவார். அவர் ஒரு கார்டின் மனைவி. அவருக்குத் தமிழ் தெரியாது, என் அன்னையாருக்கு மராத்தி தெரியாது. கைப்பேசியின் ஆங்கிலக் குரலை நிறுத்திவிட்டோம். அன்னையார் களத்து மேட்டு வழக்கப்படி "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணுவார். பக்கத்து வீட்டு அம்மையார் "ஏக், தோன், தீன்" என்பார். ஆறாவது முறையில் வலி மிகுந்தால் நிறுத்தி, தண்ணீர் குடித்து, ஊர்க்கதை பேசி, மீண்டும் தொடங்குவார்கள். முதல் நாள் கருவி காட்டியது 11தான், சிவப்புக் குறி. ஆனால் அந்தப் பதினொன்றும் அன்னையாருடையவை.

கருவியின் உண்மையான பயனை அதன் பின்னரே கண்டோம். ஒருநாள் கோட்டைப் பார்த்தபோது, கால் மடங்குவது நாளுக்கு நாள் கூடுகிறது, ஆனால் நீட்டும்போது மட்டும் கடைசிப் பத்துப் பாகை எட்டவில்லை என்று தெரிந்தது. கண்ணால் பார்த்தால் கால் நேராகவே இருப்பதுபோல் தோன்றும். இதற்கு ஓ.எம்.எஸ். அறிக்கையை நான் ஒப்பிடுவேன். இத்தனையாவது கிலோமீட்டரில் குலுக்கல் என்று கருவி சொல்லும். ஏன் குலுக்கல் என்று அது சொல்லாது. பாதையில் இறங்கி நடந்து, சிலீப்பருக்கு அடியில் ஜல்லி இறங்கியிருக்கிறதா, இணைப்புத் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது மேட்டின் வேலை, கேங்மேனின் வேலை. நானும் ஒரு காலத்தில் அவ்வாறு இறங்கிப் பார்த்தவன்தான்.

ஆகவே காரணத்தைத் தேடினேன். இரவில் எழுந்து பார்த்தேன். அன்னையார் வலிக்கு இதமாக முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு உறங்கினார். இரவு முழுவதும் கால் மடங்கிய நிலையிலேயே இருந்திருக்கிறது. அம்மையாரிடம் சொன்னபோது, அறுவைக்குப் பின் முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கவே கூடாது, வேண்டுமானால் குதிகாலுக்கு அடியில் வைக்கலாம் என்றார். இடத்தை மாற்றினோம். மூன்று வாரத்தில் கால் நேராக நீண்டது. கருவி இல்லாவிட்டால் அந்தப் பத்துப் பாகை எங்கள் கண்ணில் பட்டிருக்காது. மனிதன் இல்லாவிட்டால் அந்தத் தலையணை கருவியின் கண்ணில் பட்டிருக்காது.

ஆறாம் வாரத்தில் 95 பாகை. மூன்றாம் மாதத்தில் 115. மூன்றாம் மாத முடிவில் அன்னையார் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இரண்டு மாடியும் இறங்கி, குடியிருப்பு வாயிலில் இருக்கும் காய்கறி வண்டிவரை சென்று, கத்தரிக்காய் பேரம் பேசிவிட்டுத் திரும்பினார். இன்று இதோ இம்மண்டபத்தின் முன்வரிசையில், நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். நான் பேசுவது தம்மைப் பற்றி என்பதால் சற்று வெட்கத்தோடுதான் அமர்ந்திருக்கிறார்.

அன்பர்களே! இத்தகைய கருவிகள் இன்று எங்கும் வந்துவிட்டன. மணிக்கட்டில் அணிவன உண்டு. துணியில் தைத்து வருவன உண்டு. வளைய வளைய மின்தடை மாறும் நாடாவாக ஒட்டப்படுவனவும் உண்டு. நம் இளைஞர்கள் உடற்பயிற்சிக் கூடங்களில் அணிகிறார்கள். முதியோர் மருத்துவர் சொல்லி அணிகிறார்கள். இவற்றை வாங்குவோருக்கு, பட்டறிந்தவன் என்ற முறையில் சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, கருவி எதை எண்ணுகிறது என்று கேளுங்கள். மணிக்கட்டில் அணிவது கையின் ஆட்டத்தைத்தான் அறியும். பஸ்கி எடுக்கும்போது முழங்கால் உட்புறம் சாய்கிறதா என்பதை அது அறியாது. இரண்டாவது, நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே இறுக்கத்தில் கட்டுங்கள். பட்டை நழுவினால் கோணமும் நழுவும். காந்தமானி உள்ள கருவியானால் இரும்புக் கட்டிலின் அருகே தடுமாறக்கூடும். மரக்கட்டிலோ தரை விரிப்போ நல்லது. மூன்றாவது, வலியை எண்ணிக்கைக்குப் பலியிடாதீர்கள். பயிற்சியின்போது சிறிது வலிப்பது இயல்பு. மூட்டு வீங்கிச் சிவந்து வெப்பமுற்றால், கருவி என்ன சொன்னாலும் நிறுத்தி மருத்துவரைக் கேளுங்கள். நான்காவது, உங்கள் உடலின் கணக்கு எங்கே சென்று சேர்கிறது என்று கேளுங்கள். தனிநபரின் மின்னணுத் தரவைக் காப்பதற்கென நம் நாடாளுமன்றம் 2023ஆம் ஆண்டில் ஒரு சட்டம் நிறைவேற்றியது. நம் கணக்கைப் பற்றிக் கேட்பது நம் உரிமை.

ஐந்தாவதாக, ஒரு வேண்டுகோள். இது நம் சங்கத்துக்கு.

ஊரிலே ஒரு முதியவர் படுத்தால் திண்ணையில் நான்கு பேர் வந்து உட்காருவார்கள். வயிற்றுப்பாட்டுக்காகப் பல நூறு கல் கடந்து வந்த நமக்குத் திண்ணையும் இல்லை, திண்ணைக்கு வருவோரும் இல்லை. கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கிறார்கள். மொழி புரியாத ஊரில், அடைத்த கதவுக்குள்ளே, நம்மைப் பெற்றவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். அவர்கள் நலமாக இருக்கிறார்களா என்பதை நாம் கைப்பேசியில் தெரிந்துகொள்கிறோம். பச்சைக் குறி வந்தால் போதும் என்று இருந்துவிடுகிறோம்.

நம் சங்கத்தில் ஓய்வு பெற்ற அன்பர்கள் இருக்கிறார்கள். விடுமுறையில் இருக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அறுவை முடிந்தோ, வாதத்தால் தளர்ந்தோ வீட்டில் பயிற்சி செய்யும் முதியோரின் பட்டியல் ஒன்றைச் செயலாளர் தயாரிக்கட்டும். யார் வீட்டுக்கு யார், எந்த நாள் என்று முறை வகுக்கட்டும். முறைப் பட்டியல் எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். மஸ்டர் எழுதிப் பழகிய கை இது. வருகிறவர் மருத்துவம் தெரிந்தவராக இருக்கவேண்டியதில்லை. அரைமணி நேரம் அருகில் அமர்ந்து, தமிழில் இருபதுவரை எண்ணத் தெரிந்தால் போதும். தமிழ்ச் சங்கத்தின் பணிகளில் இதுவும் ஒன்றாகட்டும்.

கருவி எண்ணட்டும்; நன்றாகவே எண்ணட்டும். அதனோடு நாமும் எண்ணுவோம், இரண்டு பொருளிலும். இன்று மாலை வீடு திரும்பியதும் உங்கள் கைப்பேசியைப் பார்ப்பதற்கு முன் உங்கள் அன்னையின் காலைப் பாருங்கள். அருகில் அமர்ந்து 'லாபம்' என்று தொடங்குங்கள்.